சும்மா கிடந்த அடிபம்பு

15 நவம்பர் 2018, வியாழன்

காலையிலிருந்து ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறார்கள். கூரை வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டுமாம். கஜா புயல் இன்று ராத்திரி நாகப்பட்டினத்தை ஒட்டிக் கரை ஏறும் என்று டிவியில் ஓயாமல் சொல்கிறார்கள். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு அது வாசலுக்கு வருவது மாதிரிதான். பாத்திரம், குடம், அண்டா எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்தாயிற்று. அப்பாயிக்கு 78 வயது. "அம்பத்திரண்டுல பாக்காத காத்தா?" என்று திண்ணையை விட்டு நகரவே மாட்டேன் என்றார். கடைசியில் என் மகள்தான் கையைப் பிடித்துத் தளம் போட்ட அறைக்குள் கூட்டிப்போனாள்.

17 நவம்பர், சனி

நேற்று எழுத முடியவில்லை. கை நடுங்கியது.

நள்ளிரவுக்குப் பிறகு அடித்தது காற்று மாதிரியே இல்லை, லாரி ஒன்று வீட்டின் மேல் ஏறி இறங்குவது மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் ஓய்ந்தது. சரி, முடிந்துவிட்டது என்று கதவைத் திறக்கப் போனேன். அப்பாயி அதட்டினார்: "தொறக்காத. திரும்பி அடிக்கும்." சொன்ன மாதிரியே மறுபக்கத்திலிருந்து அடித்தது. முதல் காற்றில் சாய்ந்து நின்ற மரமெல்லாம் இரண்டாவது காற்றில் படுத்துவிட்டது.

விடிந்ததும் தோப்புக்குப் போனேன். 110 தென்னையில் நிற்பது 9. பாதி மரம் வேரோடு, பாதி நடுவில் முறுக்கி ஒடிந்து. ஒடிந்த இடத்தில் நார் நாராகப் பிதுங்கி, பால் வாடை அடித்தது. குரும்பை காலில் மிதிபட்டது. வரப்பில் நின்ற நான்கு பனையும் மட்டை கிழிந்து அப்படியே நின்றன. முன்பு அங்கே பன்னிரண்டு பனை இருந்தன. வருமானம் இல்லை என்று அப்பா காலத்தில் எட்டைச் செங்கல் சூளைக்கு விற்றுவிட்டோம்.

19 நவம்பர், திங்கள்

பிடித்து வைத்த தண்ணீர் தீர்ந்தது. ஊர் மேல்நிலைத் தொட்டியில் ஏற்ற கரண்ட் இல்லை. மின்கம்பங்கள் வயலுக்குள் படுத்துக் கிடக்கின்றன. ஜெனரேட்டர் ஒன்று வாடகைக்கு வந்தது. டீசல் தீர்ந்ததும் அதுவும் நின்றது. போனுக்கு சார்ஜ் போட ஒருவர் 30 ரூபாய் வாங்குகிறார்.

டீக்கடை இருந்த இடத்தில் நாலு பேர் உட்கார்ந்து, இந்தக் காலத்து ஆட்களுக்குத் தாங்கும் சக்தி கிடையாது, மூன்று நாள் கரண்ட் இல்லையென்றால் உயிர் போன மாதிரி ஆடுகிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வலித்தது. அந்த இடத்திலேயே, கூரையை இழந்த ஒரு பையன் மற்றவர் வீட்டுக் கூரையிலிருந்து மரத்தை வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தான். அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது.

ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் அப்பாயியிடம் 1952 பற்றிக் கேட்டேன். நவம்பர் 30, அவருக்கு அப்போது 12 வயது.

"தண்ணிக்கு என்ன பண்ணுனீங்க?"

"என்ன பண்றது? கெணத்துல இருந்துச்சு. எறைச்சோம்."

"வெளக்கு?"

"எல்லா நாளும் ஏத்துற வெளக்குதான்."

"சாப்பாடு?"

"பத்தாயத்துல நெல்லு. ஒரல்ல குத்துனோம். இதெல்லாம் ஒரு கேள்வியாடா?"

இந்தப் பதில்தான் தூங்கவிடவில்லை. அவர்கள் புயலுக்கென்று எதையும் தயாராக வைத்திருக்கவில்லை. அன்றாடம் புழங்கியதே புயலுக்கு மறுநாளும் இருந்தது. நாங்கள் அன்றாடத்தைக் கம்பிக்கு மாற்றிவிட்டோம். எங்கள் வீட்டுக் கிணற்றை 2003-ல் மண் போட்டு மூடியது நான்தான். மகள் தவழுகிற வயது, விழுந்துவிடுவாளோ என்று பயம். அப்போது அது சரியான முடிவுதான்.

21 நவம்பர், புதன்

பக்கத்துத் தெரு அக்கா நடவுக்கும் அறுப்புக்கும் எங்கள் வயலுக்கு வருபவர். முகாமிலிருந்து குடத்தோடு வந்தார். அப்பாயி சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஒங்க வீட்டுல பத்தாயம் இருந்துச்சு தம்பி. எங்க வீட்டுல எது இருந்துச்சு? அம்பத்திரண்டு புயலப் பத்தி எங்கம்மா சொன்னது வேற. மழை விட்டதும் மொதல்ல பண்ணையாரு வீட்டுக் கூரைய மேஞ்சுட்டுத்தான் தன் குடிசையப் பாக்கப் போனாங்களாம். எங்க கெணத்துல எறைச்சோம்னு நாங்க சொல்ல முடியுமா? அந்தக் கெணத்துப் பக்கம் போவ விட்டாங்களா?"

என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. அவருடைய அம்மா என் தாத்தாவை 'ஆண்டே' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். இவர் என்னைத் 'தம்பி' என்கிறார். இடையில் எவ்வளவு நடந்திருக்கிறது! தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அதே 1952-ல்தான். அதற்கு முன்பும் பின்பும் சாட்டையடி, சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கிற சாணிப்பால் என்று இந்த மண் பார்த்ததை எழுதினால் நோட்டு போதாது. கூலி நெல் கேட்டதற்காகக் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து போனது 1968 டிசம்பர் 25. வருகிற மாதம் ஐம்பது வருஷம்.

அந்தக் காலத்தில் தாங்கினார்கள் என்கிறோம். சிலருக்குத் தாங்குவதைத் தவிர வழியே விடப்படவில்லை. அதைச் சக்தி என்று நான் இனி சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1977 நவம்பர் புயலில் இதே கடற்கரையில் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். இந்தத் தடவை புயலுக்கு முன்பே 80,000 பேருக்கு மேல் முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போனவர் யார் யார் உயிரைக் காப்பாற்றினார் என்று அவருக்கே தெரியாது. காற்று அடிக்கிற ராத்திரியைக் கடக்க அப்பாயி காலத்தைவிட நாம் நன்றாகவே கற்றிருக்கிறோம். அதற்கு அடுத்த நாட்களில்தான் தடுமாறுகிறோம்.

23 நவம்பர், வெள்ளி

கார்த்திகை தீபம். எண்ணெய் கொஞ்சம்தான் இருந்தது, ஐந்து விளக்கு ஏற்றினோம். முறிந்த தோப்பின் ஓரத்தில் ஒன்று வைத்தாள் மகள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

28 நவம்பர், புதன்

கொல்லையில் ஒரு அடிபம்பு இருக்கிறது. மோட்டார் போட்ட பிறகு யாரும் தொடவில்லை. கைப்பிடியில் கொடி ஏறி, புடலங்காய் காய்த்த வருஷமும் உண்டு. இரும்புக்காரனுக்குப் போட்டிருப்பேன், குழாயைப் பிடுங்கச் சோம்பல், விட்டுவிட்டேன். அந்தச் சோம்பல் இன்று முப்பது வீட்டுக்குத் தண்ணீர் கொடுத்தது.

சைக்கிள் கடைப் பெரியவரைக் கூட்டி வந்தேன். போல்டைக் கழற்ற மண்ணெண்ணெய் ஊற்றி அரை மணி நேரம் காத்திருந்தோம். மேல் மூடியைத் தூக்கியதும் உள்ளிருந்த தோல் வாஷரை எடுத்துக் காட்டினார். கருவாடு மாதிரி காய்ந்து சுருங்கியிருந்தது. "இது தேஞ்சு போகல தம்பி. தண்ணி படாம செத்துப் போச்சு. தெனம் அடிச்சிருந்தா இன்னும் பத்து வருசம் வரும்."

பழைய தோல் செருப்பின் அடியை வட்டமாக வெட்டி, நடுவில் துளை போட்டு, தேங்காய் எண்ணெயில் ராத்திரி முழுக்க ஊற வைத்திருந்தார். அதைக் கிண்ணம் மாதிரி விரலால் வளைத்து உள்ளே இறக்கினார். மேலே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, "அடி" என்றார். இருபது அடி வெறும் காற்று, ஏப்பம் விடுகிற சத்தம். அப்புறம் கைப்பிடி கனத்தது. முதலில் துருத் தண்ணீர், செம்மண் நிறம். கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. லேசாக உப்புக் கரிக்கும், குடிக்க ஆகாது. குளிக்க, துவைக்க, மாட்டுக்குப் போதும். சாயங்காலம் வரை வரிசை நின்றது. அக்காவின் பேத்தியும் என் மகளும் மாற்றி மாற்றி அடித்துக் கொடுத்தார்கள்.

6 டிசம்பர், வியாழன்

பாரம்பரிய நெல் விதைகளைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் இன்று காலை சென்னையில் இறந்துவிட்டார். புற்றுநோய். பக்கத்துக் கட்டிமேட்டுக்காரர். அவர் நடத்திய ஆதிரெங்கம் நெல் திருவிழாவுக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன்.

1960களில் ஆடுதுறை 27 போன்ற புது ரகங்கள் வந்தன. அவை வராவிட்டால் பல வீடுகளில் உலை ஏறியிருக்காது, அதை மறக்கக் கூடாது. ஆனால் ஆளுயரத்துக்கும் மேல் வளர்ந்து வெள்ளத்தில் நிற்கிற காட்டுயானமும், வேதாரண்யம் பக்கத்து உப்பு மண்ணைத் தாங்குகிற குடவாழையும் வயலை விட்டுப் போய்விட்டன. ஜெயராமன் இப்படிப்பட்ட 170 ரகங்களுக்கு மேல் தேடிச் சேர்த்தார். சேர்த்ததைப் பூட்டி வைக்கவில்லை. இரண்டு கிலோ விதை கொடுப்பார், அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். விதை யாரோ ஒருவர் வயலில் ஒவ்வொரு வருஷமும் முளைத்துக்கொண்டே இருக்கும்.

நான் வாங்கிய இரண்டு கிலோ மாப்பிள்ளைச் சம்பாவை ஒரு போகம்தான் போட்டேன். நான்கு கிலோவைக் கொடுத்துவிட்டு விட்டுவிட்டேன். இன்று முழுக்க அதுதான் மனதில்.

10 டிசம்பர், திங்கள்

இருபத்தைந்தாவது நாள் கரண்ட் வந்தது. எங்கெங்கிருந்தோ வந்த மின் ஊழியர்கள், கேரளத்திலிருந்துகூட, இடுப்பளவுச் சேற்றில் கம்பத்தைத் தோளில் தூக்கிப் போனதைப் பார்த்தேன். மனிதர்கள் பலவீனமாகிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் அந்தத் தோள்களைத்தான் காட்டுவேன். நோட்டில் எழுதியதையெல்லாம் இன்றுதான் தட்டச்சு செய்து போடுகிறேன்.

தென்னை ஒன்றுக்கு அரசு 1,100 ரூபாய் அறிவித்திருக்கிறது, வெட்டி அகற்றும் கூலியும் சேர்த்து. புதுக் கன்று காய்க்க ஏழெட்டு வருஷம். நெல் போயிருந்தால் அடுத்த போகத்தில் எழுந்திருக்கலாம். தண்ணீர் நிச்சயமில்லை என்றுதான் நெல்லை விட்டுத் தென்னைக்குப் போனோம். இனி தோப்பில் பாதி மட்டும் தென்னை. மீதியை யோசிக்கிறேன்.

14 டிசம்பர், வெள்ளி

மோட்டார் ஓடுகிறது, தொட்டி நிறைகிறது. அடிபம்பை நான்கு நாளாக யாரும் தொடவில்லை. இன்று அடித்துப் பார்த்தேன், காற்றுதான் வந்தது. ஒரு சொம்பு ஊற்றி அடித்ததும் ஏறியது.

மகளிடம் சொல்லிவிட்டேன்: தினம் காலையில் பத்து குடம், செடிக்கும் மாட்டுக்கும் இதிலிருந்துதான். முகத்தைச் சுளித்தாள். மறுக்கவில்லை. படுக்கப் போகும் முன் அப்பாயி உள்ளிருந்து கேட்டார்:

"அடிச்சாளாடா?"

"ஆறு குடம் அடிச்சா அப்பாயி."

"மிச்சம் நாலு?"

எழுந்து போய் அடித்துவிட்டு வந்தேன்.