பெயரை விட்டு இலக்கத்தைப் பிடியுங்கள்

கொழும்பின் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் தொழில் பழகும் இளம் சட்டத்தரணிகளுக்கும் தமிழ்ப் பத்திரிகைகளில் புலனாய்வுச் செய்தி எழுதுபவர்களுக்கும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நேரம் வீணாகிறது. ஒரு சட்டத்தின் பெயரைத் தமிழில் கூகுளில் தட்டுகிறார்கள். முதல் பக்கம் முழுக்கத் தமிழ்நாட்டுச் செய்திகள் வந்து விழுகின்றன.

இதற்கு முதற் காரணம் சொல். "உயர் நீதிமன்றம்" என்றால் நமக்கு நாட்டின் உச்சத்தில் இருக்கும் நீதிமன்றம், சென்னையில் அது மாநில நீதிமன்றம். நாம் "மேல் நீதிமன்றம்" என்பதை அவர்கள் அந்தப் பெயரில் அறியமாட்டார்கள். அரசிதழ் என்று தேடினால் இலங்கை ஆவணம் கிடைக்காது, வர்த்தமானி என்று தேட வேண்டும். வழக்கறிஞர் அல்ல, சட்டத்தரணி. நிலப் பத்திரம் அல்ல, காணி உறுதி. நம்முடைய சட்டச் சொற்களையே போட்டால் பாதிக் குப்பை ஒதுங்கிவிடும்.

மீதிப் பாதிக்குக் காரணம் எழுத்துரு. இதைத்தான் பலர் அறியாமல் இருக்கிறார்கள். அரசின் பழைய தமிழ் பிடிஎஃப்கள் பல, இன்றைய பொது எழுத்துக் குறியீடான யூனிகோட்டுக்கு முந்திய எழுத்துருக்களில் அச்சுக் கோக்கப்பட்டவை. திரையில் தமிழ் தெரியும், ஆனால் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும். கூகுள் படித்து வைத்திருப்பதும் அந்தக் குழப்பத்தைத்தான். ஆகவே பிரிவின் வாசகத்தை அட்சரம் பிசகாமல் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினாலும் ஒன்றும் வராது. "அப்படியொரு வர்த்தமானியே இல்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு வரியைப் பிரதியெடுத்து நோட்பேட்டில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக விழுந்தால் நல்லது. கிறுக்கலாக விழுந்தால் கோப்பின் விபரங்களில் எழுத்துருவின் பெயரைப் பாருங்கள். பாமினி போன்ற அறியப்பட்ட எழுத்துரு என்றால் அதை யூனிகோட்டுக்கு மாற்றித் தரும் இணையத்தளங்கள் உதவும். வேறேதும் என்றாலும், ஸ்கேன் செய்த படம் என்றாலும், கூகுள் டிரைவில் ஏற்றிக் கூகுள் டொக்ஸ் வழியாகத் திறந்தால் எழுத்தை வாசித்துத் தரும். அதற்குக் கூகுள் சொல்லும் கோப்பு அளவு 2 எம்பி. பெரிய கோப்பை வேண்டிய பக்கங்களாக வெட்டித்தான் ஏற்ற வேண்டும். இப்படி எடுத்த எழுத்தில் ன, ண, ர, துணைக்கால் எல்லாம் இடம் மாறும், இலக்கங்களும் பிழைக்கும். தேடுவதற்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, மேற்கோளை மூலப் பக்கத்தைப் பார்த்து எழுதுங்கள்.

இவ்வளவு சிரமமும் இலக்கம் கையில் இல்லாதபோதுதான். இலக்கம் எழுத்துருவாலும் மொழியாலும் மாறாது. சட்டமென்றால் ஆண்டும் இலக்கமும்: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் எந்த மொழிப் பிரதியிலும் தகவல் அறியும் உரிமைச் சட்டமே. வாராந்த வெளியீட்டுக்குப் புறம்பாக வரும் அதிவிசேட வர்த்தமானி என்றால் சாய்கோட்டுக்கு இருபுறமும் இரண்டு எண்கள். அந்தச் சட்டத்தின் கட்டணங்களையும் மேன்முறையீட்டு நடைமுறையையும் சொல்லும் விதிகள் 2017 பெப்ரவரி 3ஆம் திகதிய 2004/66ஆம் இலக்க வர்த்தமானியில் இருக்கின்றன. 2004 என்பது ஆண்டல்ல, வார வரிசை எண். 66 அந்த வாரத்து அதிவிசேட வெளியீடுகளில் அதன் வரிசை. இதை ஆண்டென்று நினைத்து 2004ஆம் ஆண்டுப் பட்டியலைப் புரட்டினால் ஒருபோதும் கிடைக்காது. அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் திகதியைத் தெரிவுசெய்து இந்த எண்ணைத் தேடுங்கள். தமிழ்ப் பிரதி இன்னும் ஏறாதிருந்தால் அதே எண்ணில் சிங்களமும் ஆங்கிலமும் பாருங்கள். சட்டங்களின் கடைசிப் பிரிவுகளில், சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் முரண்பாடு வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று பொதுவாக எழுதியிருக்கும். வழக்கு ஒரு சொல்லில் தங்கியிருக்கிறது என்றால் தமிழ்ப் பிரதியை மட்டும் நம்பி வாதம் கட்டக் கூடாது. தமிழில் சட்டம் படிக்கும் உரிமைக்காக நிற்பவர்களும் இதை மறந்துவிடக் கூடாது.

கிடைத்தது சட்டமா, நிறைவேறுவதற்கு முந்திய வரைவான சட்டமூலமா என்று அடுத்ததாகப் பாருங்கள். பாராளுமன்ற இணையத்தளத்தில் இரண்டும் உண்டு, முகப்புப் பக்கங்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். குழுநிலையில் திருத்தம் சேர்ந்தால் பிரிவு இலக்கங்களே நகர்ந்துவிடும். சட்டம்தான் என்று உறுதியானாலும் அது நிறைவேறிய அன்றைய உரை மட்டுமே. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுங்கள். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தை மட்டும் படிப்பவருக்குத் தடுப்புக் கட்டளையின் மொத்தக் காலம் 18 மாதம். 2022ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை 12 மாதமாகக் குறைத்தது. நடுவில் 1982இலும் 1988இலும் திருத்தங்கள் உள்ளன. நான்கையும் பக்கத்தில் வைத்துப் படிக்காமல் ஒரு குடும்பத்துக்கு ஆலோசனை சொல்வது பெரிய அநியாயம். எப்போது நடைமுறைக்கு வந்தது என்பதும் தனிக் கேள்வி. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 ஆகஸ்டில் சான்றுப்படுத்தப்பட்டது, வேலை செய்யத் தொடங்கியது 2017 பெப்ரவரியில்.

தீர்ப்புகளுக்கும் இலக்கமே கைப்பிடி. ஆனால் ஒரே தீர்ப்புக்கு வெவ்வேறு அடையாளங்கள் உண்டு. எப்பாவல பொஸ்பேற் அகழ்வுக்கு எதிரான வழக்கை வழக்கு இலக்கத்தால் தேடினால் அடிப்படை உரிமை 884/99. சட்ட அறிக்கையால் தேடினால் 2000ஆம் ஆண்டு ஸ்ரீலங்கா லோ ரிப்போர்ட்ஸ், 3ஆம் தொகுதி, 243ஆம் பக்கம். மனுதாரரின் பெயரால் தேடினால் புலன்குலம. ஒன்று வேலை செய்யாவிட்டால் மற்றதைப் போடுங்கள். புதிய தீர்ப்புகள் உயர் நீதிமன்றத்தினதும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தினதும் சொந்தத் தளங்களில் பிடிஎஃப்பாகக் கிடைக்கும். பழையவற்றுக்கு லோநெட், கொமன்லீ ஆகிய சட்டத் தளங்கள். தளத்துக்குள்ளே இருக்கும் தேடற்பெட்டி பெரும்பாலும் சரியாக வேலை செய்யாது. கூகுளிலேயே "சைட்" என்பதை ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியைச் சேர்த்து, பிறகு மேற்கோள் குறிக்குள் இலக்கத்தைக் கொடுங்கள். முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டால் கட்டளை வேலை செய்யாது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தரும் வழக்குப் பெயர்களை மூலத்தில் பார்க்காமல் எழுதவே எழுதாதீர்கள். 2023இல் நியூயோர்க்கில் இல்லாத தீர்ப்புகளை அப்படி மேற்கோள் காட்டியதற்காக இரண்டு சட்டத்தரணிகளுக்கும் அவர்களுடைய நிறுவனத்துக்கும் 5000 டொலர் தண்டம் விழுந்தது.

ஆட்களைத் தேடும்போதுதான் பெயர் உண்மையிலேயே ஆபத்தாகிறது. கணேசன் என்ற ஒரு பெயர் ஆங்கிலத்தில் ஜி, கே என்ற இரண்டு எழுத்திலும் தொடங்கும், எஸ்ஸுக்குப் பின் எச் வரும், வராமலும் போகும். நம்மில் முதலெழுத்து தகப்பன் பெயர், அதே ஆள் வேறோர் ஆவணத்தில் தகப்பன் பெயரைக் கடைசியில் எழுதியிருப்பார். எல்லா எழுத்துக்கூட்டல்களையும் முதலில் தாளில் எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால், ஆவணங்களில் சட்டப்படி உங்கள் கைக்கு வந்த தேசிய அடையாள அட்டை இலக்கம் பிரித்துக் காட்டும். பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதனுடன் 500 கூடும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே கணக்கு. 78561 என்று தொடங்கினால் 1978 மார்ச் 1இல் பிறந்த பெண். 561இலிருந்து 500 போக 61, ஜனவரியும் பெப்ரவரியும் 60. இந்த இலக்கத்தைச் செய்தியில் அச்சிடக் கூடாது என்பதை ஆசிரியர்களும் கவனிக்க வேண்டும்.

கம்பனி விபரத்துக்குப் பதிவாளர் திணைக்களத்தின் ஈரொக் தளத்தில் பெயரைத் தேடலாம். அங்கிருந்து வேண்டியது பதிவு இலக்கம் மட்டும்தான். பணிப்பாளர் மாற்றம் படிவம் 20இல் இருக்கும், வருடாந்த விபரத்திரட்டு படிவம் 15இல். அந்த இலக்கத்தைக் கொடுத்துப் பெறும் பிரதிகளுக்குப் பணம் கட்ட வேண்டும். கடையொன்று தனியார் வியாபாரப் பெயராகப் பதியப்பட்டிருந்தால் அங்கே தேடி எந்தப் பயனும் இல்லை. அது மாகாண, பிரதேச செயலகப் பதிவு.

சதுப்பு நிலம் நிரப்பிய முறைப்பாடுகளுக்கு, கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும், கூகுள் ஏர்த் புரோ மிகப் பெரிய துணை. கணினியில் நிறுவும் அந்தப் பதிப்பில் பழைய செய்மதிப் படங்களைத் திகதி திகதியாகப் பின்னோக்கித் தள்ளிப் பார்க்கலாம். இரண்டு படங்களுக்கு நடுவிலுள்ள மாதங்களில் எப்போது மண் கொட்டப்பட்டது என்பதை நெருக்கிப் பிடிக்க ஐரோப்பியச் செய்மதியான சென்டினல் 2இன் படங்களை எடுங்கள். 2015 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு புள்ளி 10 மீற்றர் என்பதால் வீடு தெரியாது, ஆனால் பச்சை போய்ச் செம்மண் வந்தது தெரியும். மழைக்காலத்தில் முகில் மூடிய படங்களே அதிகம். இந்தப் படங்கள் எல்லைத் தகராறுக்கு உதவா. எல்லைக்கு நில அளவையாளரின் வரைபடமும் காணிப் பதிவகத்தில் நேரில் பார்த்த பதிவும் வேண்டும்.

கண்டுபிடித்ததைக் காப்பாற்றுவதில் இன்னும் அதிக வழக்குகள் பழுதாகின்றன. முகவரி இல்லாத ஸ்கிரீன்ஷொட்டால் பயன் மிகக் குறைவு. பக்கத்தைக் கண்டவுடன், இணையப் பக்கங்களைப் பிரதியெடுத்து வைக்கும் வேபேக் மெஷின் என்ற தளத்தில் சேமியுங்கள். சேமித்த இணைப்புக்குள் 14 இலக்கம் இருக்கும்: ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி. அது உலகப் பொது நேரம். இலங்கைக்கு 5 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும். 4ஆம் திகதி இரவு 8 மணி என்று அதில் இருந்தால் கொழும்பில் அது 5ஆம் திகதி அதிகாலை 1.30. அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதக் கெடு ஓடும்போது இந்த ஒரு நாள் பிசகு சத்தியக்கடதாசியையே சந்தேகத்துக்குள்ளாக்கும். பேஸ்புக் பதிவுகள் வேபேக்கில் ஒழுங்காக நிற்பதில்லை. பதிவின் நேரத்தைச் சொடுக்கினால் அதன் தனி இணைப்பு வரும், அதை எடுத்து, முகவரிப் பட்டை தெரியத் திரையைக் காணொளியாகப் பதியுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் எடுத்த நேரமும் இடமும் உதிர்ந்துவிடும். எடுத்தவரிடம் "டொக்கியுமென்ட்" ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு கோப்புக்கும் அதன் கைரேகை போன்ற ஷா 256 எண்ணை அன்றே கணித்து, திகதி, நேரம், இணைப்பு, எடுத்தவர், எந்தக் கருவி என்பவற்றுடன் ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். 64 எழுத்துள்ள அந்தச் சரம், கோப்பின் பெயரை மாற்றினால் மாறாது, ஆனால் திறந்து மீண்டும் சேமித்தால் மாறிவிடக்கூடும். மூலத்தைத் தொடாமல் பிரதியில் வேலை செய்யுங்கள்.

நீதிமன்றத்துக்குப் போகும்போது, கணினிச் சான்றுக்கு 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் விசாரணைத் திகதிக்குக் குறைந்தது 45 நாளுக்கு முன் எதிர்த்தரப்புக்கு அறிவித்துப் பட்டியல் கொடுக்கச் சொல்கிறது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் பொருந்தும் இடத்தில் அந்த 1995ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. எது பொருந்தும் என்று எதிர்த்தரப்பு வாதாட இடமிருப்பதால் 45 நாளைக் கணக்கில் வைத்தே வேலையைத் தொடங்குவது பாதுகாப்பு. அரச ஆவணமென்றால் இணையத்தில் இறக்கியதை வழிகாட்டியாக மட்டும் வைத்து, இலக்கத்தைக் கொடுத்துச் சான்றுப்படுத்திய பிரதி கேளுங்கள். கொடுக்க மறுத்தால் தகவல் அறியும் விண்ணப்பம் போடலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த விண்ணப்பத்திலும் "இது சம்பந்தமான எல்லா ஆவணங்களும்" என்று எழுதாமல் கடித இலக்கம், திகதி, கோப்பு இலக்கம் என்று எழுதினால் தட்டிக்கழிக்க வழி குறையும்.