உப்புக்காற்றில் ஒரு ஃபிலிம் ரோல்

நம் பள்ளி போட்டோ கிளப்பின் மொத்தச் சொத்தும் ஒரு இரும்பு பீரோவுக்குள் அடங்கிவிடும். பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3, ஒரு யாஷிகா மேட், தூக்கினால் கை வலிக்கும் சோவியத் தயாரிப்பான ஜெனிட் ஈ. ரோல் பெரும்பாலும் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’; கிடைத்தபோது கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோ. இருட்டறை என்று நாம் பெருமையாகச் சொன்னது வேதியியல் ஆய்வகத்தை ஒட்டிய ஸ்டோர் ரூம்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் பலர் மறுபடியும் ஃபிலிம் கேமரா வாங்கியிருக்கிறார்கள். டிசம்பர் விடுமுறைக்கு வரும்போது வட சென்னை ராயபுரத்திலும் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலும் நாலு ரோல் எடுக்கிறார்கள். அங்கே ஒழுங்காக வந்த அதே ஃபிலிம் இங்கே சொதப்பினால் கேமராவைத் திட்டுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் நம்மூர்த் தண்ணீரிலும் காற்றிலும் இருக்கிறது. கிளப்பில் சார் சொல்லிக்கொடுத்த முறைகள் இந்தத் தண்ணீருக்கும் காற்றுக்கும் என்றே வந்தவை. அவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் விமானம். ஃபிலிமை செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. அதற்கான எக்ஸ்-ரே ரோலை மூட்டமாக்கிவிடும். கைப்பை வரிசையிலும் இப்போது பல இடங்களில் சி.டி. ஸ்கேனர் வந்துவிட்டது, அதுவும் ஆபத்துதான். ரோல்களை டப்பாவிலிருந்து எடுத்து, உள்ளே தெரிகிற பையில் போட்டு, கையால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

காசிமேட்டில் வேலை விடிகாலையில். மீன் ஏலம் நடக்கும் நேரமும் நல்ல வெளிச்சம் கிடைக்கும் நேரமும் ஒன்றாக அமைவது நம் அதிர்ஷ்டம். ஆனால் சூரியன் எழுவது கடல் பக்கம். படகை நோக்கிக் கேமராவைத் திருப்பினால் ஆட்கள் எல்லாம் கறுப்பு உருவமாகிவிடுவார்கள். ஜெனிட்டின் மீட்டர் கடலின் பளபளப்பைப் பார்த்து ஏமாறும். முகத்தில் படும் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை அளந்து, அது காட்டுவதைவிட ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்கு வெளிச்சம்) கூடுதலாகத் திறந்தால் முகம் சரியாக விழும். மீட்டரே இல்லையென்றால் பழைய கணக்கு: நல்ல வெயிலில் லென்ஸ் திறப்பு எஃப் 16, ஷட்டர் வேகம் ஃபிலிமின் உணர்திறனைச் சொல்லும் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்குப் பக்கத்தில். 400 ஃபிலிமுக்கு 1/500. சூரியன் எழுந்த அரை மணிக்குள் என்றால் அதிலிருந்து இரண்டு மூன்று ஸ்டாப் திறக்க வேண்டும். உச்சி வெயிலில் ஃபைபர் படகின் வெள்ளையும் தலைப்பாகை நிழலில் முகமும் ஒரே படத்தில் அடங்காது. அந்த நேரத்தில் ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் போங்கள். 1856-இல் திறந்த அந்தக் கட்டடத்தின் தூண்கள் ஓடிவிடாது.

ஜெனிட்டோடு வரும் ஹீலியோஸ் லென்ஸில் இரண்டு வளையங்கள். ஒன்றில் எஃப் எண்ணை நிறுத்துகிறோம். இன்னொன்றைத் திறந்து ஃபோகஸ் பார்த்து, அமுக்கும் முன் மூட வேண்டும். மூட மறந்தால் எஃப் 16-க்குப் பதில் எஃப் 2-இல் படம் விழும், ஆறு ஸ்டாப் அதிகம். நெகட்டிவ் கரியாக வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். யாஷிகாவில் 124 ஜி மாடல் வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லை. அதன் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்குச் செய்தது, அது இப்போது விற்பனையில் இல்லை. 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் மீட்டர் தப்பாகக் காட்டும். காது கேட்கும் கருவிக்கு விற்கும் 675 ஜிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட், வேலை ஆகும்.

யாஷிகாவுக்கும் கிளிக்குக்கும் போடும் 120 ரோலை நிழலில் நின்றுதான் மாற்ற வேண்டும். பின் காகிதம் தளராமல் கட்டைவிரலால் லேசாக அழுத்திக்கொண்டே அம்புக்குறி வரை சுற்றுங்கள். தளர்ந்த ரோல் தடித்துப்போய் ஓரத்தில் வெளிச்சம் குடிக்கும். துறைமுகத்துக்குள்ளேயே பின்மூடியைத் திறக்காதீர்கள். உப்புத் திவலை லென்ஸில் படிந்திருந்தால் துணியால் துடைப்பது கீறல் போடுவதற்குச் சமம். முதலில் ஊதி, பிறகு ஈரமான லென்ஸ் தாளால் ஒற்ற வேண்டும். வீட்டில் தோல் உறைக்குள் வைத்தால் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். அரிசி டப்பாவில் போட்டுவைக்கும் வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அரிசி மாவு உள்ளே போவதுதான் மிச்சம். காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

இனி இருட்டறை. ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் டி-76 டெவலப்பரை நாமே கலந்தோம். பாரிமுனைப் பக்கம் கிடைத்த பொடிகள்: ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2. 50 டிகிரி சூட்டில் 750 மில்லி தண்ணீர். ஒரு சிட்டிகை சல்ஃபைட் போட்டு, பிறகு மெட்டால், அது முழுக்கக் கரைந்த பிறகே மீதி சல்ஃபைட். வரிசை மாறினால் சல்ஃபைட் நிறைந்த தண்ணீரில் மெட்டால் கரையாமல் அடியில் நிற்கும். கடைசியில் தண்ணீர் விட்டு லிட்டராக்கி ஓரிரவு வைக்க வேண்டும். கையுறை கட்டாயம், மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும். பாட்டிலைக் கழுத்துவரை நிரப்புங்கள். காற்றுப்பட்டு டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிட்டால் கொட்டிவிடலாம்.

புத்தகம் எல்லாம் 20 டிகிரி என்கிறது. நம் குழாய்த் தண்ணீர் 30. இல்ஃபோர்டு எச்.பி.5 பிளஸ் ஃபிலிமை டி-76-இல் கலக்காமல் போட்டால் 20 டிகிரிக்கு ஏழரை நிமிடம்; நம் வெப்பத்தில் அது மூன்றரை நிமிடத்துக்குக் கீழே இறங்கிவிடும். ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால் வானத்தில் திட்டுத்திட்டாக வரும். அதனால்தான் கிளப்பில் எப்போதும் பாதிக்குப் பாதி. 120 ரோலுக்கு 250 மில்லி டெவலப்பர், 250 மில்லி தண்ணீர். 20 டிகிரியில் 11 நிமிடம், 23 டிகிரியில் எட்டேகால். அந்த 23-க்குக் கொண்டுவரக் காசிமேட்டு ஐஸ்தான். பெட்டியில் மீனுக்கு மேல் கொட்டும் அதே உடைத்த ஐஸைப் பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு, பாட்டில்களை அதற்குள் நிற்கவைப்போம். மீன் வாடை வெளித்தொட்டியோடு சரி. டெவலப்பருக்குள் ஐஸ் விழக் கூடாது, கலவை நீர்த்துவிடும்.

எல்லாரும் மறப்பது கழுவும் தண்ணீரை. 23-இல் டெவலப் செய்து, 31 டிகிரி குழாய்த் தண்ணீரில் காட்டினால் ஃபிலிம் மேல் பூசிய ஜெலட்டின் உப்பிச் சுருக்கம் விழும், விரல் பட்டாலே உரியும். படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசல், கழுவுநீர் எல்லாமே அந்த ஐஸ் தொட்டியில் நிற்க வேண்டும். ஹைப்போ லிட்டருக்கு 250 கிராம்; கரைக்கும்போதே அது தானாகக் குளிர்ந்துவிடும், ஆகையால் மறுபடி அளந்து பாருங்கள். 35 மி.மீ. ரோலின் வாய்த் துண்டு ஒன்றை வெட்டி ஹைப்போவில் போட்டு, எத்தனை நிமிடத்தில் கண்ணாடியாகிறதோ அதைப்போல் இரண்டு மடங்கு நேரம்.

மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடம் வரிசை போட்ட ஊரில் அரை மணி நேரம் குழாயைத் திறந்துவிட யாருக்கு மனசு வரும்? ஃபிலிம் கழுவும் இல்ஃபோர்டு முறை நமக்கென்றே செய்தது போல. ஃபிலிம் இருக்கும் டேங்கை நிரப்பி 5 முறை கவிழ்த்து ஊற்று, மறுபடி நிரப்பி 10, பிறகு 20. ஒன்றரை லிட்டரில் ரோல் சுத்தம். கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர், இல்லையென்றால் உப்புத்தண்ணீரின் வெள்ளைப் புள்ளி காய்ந்து நிற்கும்.

ஈரத்தில் இன்னொரு தொல்லை: பிளாஸ்டிக் ரீலில் ஃபிலிம் பாதியில் சிக்கும். வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கை வியர்க்க வியர்க்க இன்னும் சிக்கும். இழுக்காதீர்கள். ஃபிலிமை டேங்கில் போட்டு மூடி, கையை வெளியே எடுத்துத் துடைத்து, ஐந்து நிமிடம் கழித்துத் தொடருங்கள்.

நம் பள்ளி மலருக்குப் படம் அனுப்புவோர் கவனிக்க: ஆறுக்கு நாலு அங்குலம் அச்சுக்கு 1800-க்கு 1200 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். ஏலக்காரம்மா, வலை பின்னும் பெரியவர் என்று முகம் தெரியும் படமென்றால் அவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். முடிந்தால் ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுங்கள். இடம், ஆண்டு, கேமரா, ஃபிலிம் பெயரை எழுதுங்கள். வீட்டில் பழைய பள்ளி நெகட்டிவ் இருந்து, டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, அதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். வாடை வரும் அந்த அசிடேட் ஃபிலிம் பக்கத்து ரோலையும் கெடுத்துவிடும்.