கந்தகோட்டத்துக்கு ஒரு கண்மலர்

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக வேண்டுதல். திருத்தணியில் கொடுத்துவிடலாமா என்று தம்பி கேட்டதற்கு, "நான் வேண்டிக்கிட்டது கந்தகோட்டத்தானை. அவன்கிட்டதான் கொடுக்கணும்" என்று முடித்துவிட்டாள். அம்மா கல்யாணமாகி வந்து குடியேறியது சென்னையில், கந்தகோட்டத்துக்குப் பக்கத்து ஏழுகிணறில். ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாகக் குடித்தனங்கள், எல்லோருக்கும் ஒரே குழாய். வள்ளலார் வாழ்ந்த வீராசாமிப் பிள்ளை தெரு பக்கத்திலேயேதான். "நாங்க ஒண்டிக்குடித்தனம் இருந்தோம்னா, இந்தப் பக்கத்துச் சாமிங்களும் சந்துக்குள்ள கடைங்களுக்கு நடுவுல எங்களோட ஒண்டிக்குடித்தனம்தான் இருந்தாங்க" என்பாள்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே சென்ட்ரலில் வந்து இறங்கிவிட்டோம். ஆட்டோக்காரர் கந்தகோட்டம் இருக்கும் ராசப்ப செட்டி தெருவுக்குள் வர மறுத்துவிட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மூட்டை ஏற்றிய மூன்று சக்கர வண்டிகள், நடுவில் நுழையும் பைக்குகள், தலையில் பெட்டியோடு "வழி, வழி" என்று ஓடி வருபவர்கள். முட்டிவலிக்காரியைக் கூட்டிக்கொண்டு அதில் நடப்பது லேசான காரியமில்லை. போதாததற்கு ஒரு ஆள் கூடவே வந்தார். உள்ளே எல்லோரையும் தெரியுமாம், வரிசையில் நிற்காமல் கிட்டப்போய்ப் பார்க்க வைக்கிறாராம், கையில் இவ்வளவு கொடுத்தால் போதுமாம். வயதானவர்களைப் பார்த்தால் இவர்களுக்கு எங்கிருந்துதான் மூக்கில் வேர்க்குமோ. கோயில் வாசலில் நின்றுகொண்டு முருகன் பேரைச் சொல்லிக் காசு பறிக்க எப்படித்தான் மனசு வருகிறது? அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என்னை அவனுக்குத் தெரியும், நட" என்றாள்.

தெருவில் நடந்து போகிறவர்களுக்கு உள்ளே இவ்வளவு பெரிய கோயில் இருப்பது தெரியவே தெரியாது. நுழைந்து போனால் மண்டபம், பிராகாரம், அப்புறம் சரவணப் பொய்கை. சுற்றிலும் கட்டிடங்களின் முதுகு தெரிய, நடுவில் அந்தத் தண்ணீரைப் பார்த்ததுமே எனக்குத் தெருவில் பட்ட எரிச்சலெல்லாம் இறங்கிவிட்டது. கிருத்திகைதோறும் திருப்போரூருக்கு நடந்தே போய்வந்த இரண்டு நண்பர்கள், ஒரு செட்டியாரும் ஒரு ஆசாரியும், அங்கே புற்றில் கிடைத்த முருகனை எடுத்து வந்தபோது, இந்த இடத்தில்தான் அவன் கனத்துப்போய் இனி நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். 1673-இல் நடந்தது என்று தலவரலாறு சொல்கிறது. வள்ளலார் சின்ன வயதிலேயே இந்தச் சந்நிதியில் நின்று உருகிப் பாடினார்.

செவ்வாய் என்பதால் நல்ல கூட்டம். மற்றவர்களுக்கு வழிவிடாமல் செல்போனில் பேசிக்கொண்டே நிற்பவர்கள், குழந்தையை முன்னால் தள்ளிவிட்டு அதன் பின்னாலேயே நுழைபவர்கள், எல்லோரும் இருந்தார்கள். கண்மலரை நான் வைத்துக்கொள்கிறேன் என்று எத்தனை முறை கேட்டும் அம்மா தரவில்லை. மஞ்சள் துணியில் சுற்றிய மெல்லிய தகடுதானே, நெரிசலில் வளைந்துவிடப் போகிறதே என்று எனக்குப் பயம்.

சந்நிதிக்கு நேரே வந்தபோது தீபாராதனை. ஆபரேஷனுக்கு முன்னால் அம்மாவுக்குத் தீபாராதனை என்றால் கலங்கலாக ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். பக்கத்தில் நின்று "இப்ப மாலை தெரியுது, இப்ப வேல் தெரியுது" என்று நான் சொல்லச் சொல்ல அவள் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். இந்த முறை நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "வள்ளி தெரியுறா. தெய்வானை தெரியுறா. ஐயோ, என் அப்பன் முகம் தெரியுது. சந்தனம் தெரியுது. என்னைப் பெத்தவனே, நல்லாத் தெரியுதுடா." சத்தமாகவே சொல்லிவிட்டாள். பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் சட்டென்று நின்று, "நல்லாப் பாருங்கம்மா, பொறுமையாப் பாருங்க" என்று தன் கையாலேயே கூட்டத்தைத் தடுத்துப் பிடித்துக்கொண்டார். அவர் யாரோ எவரோ, நன்றாக இருக்கவேண்டும்.

தட்டில் கண்மலரை வைத்தபிறகு அம்மாவின் உள்ளங்கையைப் பார்த்தேன். அவ்வளவு நேரம் இறுக்கிப் பிடித்திருந்ததில் தகட்டின் ஓரம் பதிந்து, சிவப்பாக இரண்டு கண்ணின் வடிவம் அப்படியே இருந்தது. விபூதியை வாங்கி அதன்மேலேயே தடவிக்கொண்டாள்.

அதோடு வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம். அம்மா விடவில்லை. தேவராஜ முதலி தெருவில் பட்டணம் கோயில்: சென்னகேசவப் பெருமாளும் சென்னமல்லீஸ்வரரும் அடுத்தடுத்து. இப்போது ஐகோர்ட் இருக்கும் இடத்தில் இருந்த பழைய கோயிலை வெள்ளைக்காரன் இடித்துவிட, இங்கே வந்து குடியேறியவர்கள். வாசல் வரைக்கும் கடைகள்தான். அங்கே பெருமாளுக்குத் துளசி. பிறகு அரண்மனைக்காரன் தெரு. செவ்வாய்க்கிழமை என்பதால் அந்தோணியார் கோயிலுக்கு மெழுகுவத்தியோடு போகிறவர்களின் கூட்டம் வேறு. அதைத் தாண்டிக் கச்சாலீஸ்வரரைச் சேவித்துவிட்டு, நடை சாத்துவதற்குள் போய்விடவேண்டுமே என்ற பதற்றத்தோடு தம்பு செட்டி தெருவில் காளிகாம்பாளிடம் போய் நின்றோம்.

ஒருகாலத்தில் கோட்டைக்குள் இருந்து கோட்டையம்மனாக அருள்பாலித்தவள். 1677-இல் சத்ரபதி சிவாஜி இங்கே வந்து கும்பிட்டுப் போனதாகக் கோயிலில் எழுதி வைத்திருக்கிறார்கள். பாரதியாரும் இவள் சந்நிதிக்கு வந்துகொண்டிருந்தவர். பெயர்தான் காளி, உட்கார்ந்திருப்பது சாந்தமான காமாட்சியாக. முட்டி ஒத்துழைக்காததால் அம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்தபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குங்குமத்தை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். "எனக்கு முடிஞ்சுது. இனி உன் தம்பிக்கு ஒரு பொண்ணு அமையணும், அதையும் சொல்லிட்டேன்" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கோயில் கோயிலாக என்ன பார்த்தேன் என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன், முடியவில்லை. முருகா, அவளுக்குப் பார்வையைக் கொடுத்தாய், அந்தப் பார்வையில் முதலில் நீயே வந்து நின்றாய். இதற்கு மேல் உன்னிடம் என்ன கேட்பது? கோடி நமஸ்காரம். தம்பிக்கு வரன் அமைந்ததும் மூன்று பேருமாக வருகிறோம்.