பென்சில் இல்லாத வகுப்பு: குழந்தைகளுக்கு மத்தீஸ்

பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும்போது பலரும் சொல்வது ஒரே கதைதான்: 1941இல் வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை, பிறகு படுக்கையும் சக்கர நாற்காலியும், தூரிகைக்குப் பதில் கத்தரிக்கோலால் வண்ணத்தாளை வெட்டிப் படம் செய்தது. இது பாதி உண்மை. 1930களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பார்ன்ஸ் அறக்கட்டளைக்கான நடனச் சுவரோவியத்தைத் திட்டமிட்டபோதே அவர் வண்ணத்தாள்களை வெட்டி, இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். முதுமையிலும் பிரான்ஸின் வான்ஸ் ஊர்த் தேவாலயத்துக்காக நீண்ட கழியில் கரித்துண்டைக் கட்டி வரைந்தார். இரக்கத்தோடு ஆரம்பித்தால் பிள்ளைகள் நோயாளியைத்தான் பார்ப்பார்கள். முதலில் கத்தரிக்கோலைக் கொடுங்கள். கை வேலையில் இருக்கும்போது வாழ்க்கையைச் சொல்லலாம்.

கடையில் விற்கும் வண்ணத்தாள் வேண்டாம். மத்தீஸின் உதவியாளர்கள் வெள்ளைத்தாளில் குவாஷ் என்ற, ஒளி ஊடுருவாத நீர்வண்ணம் பூசித் தந்தார்கள். அந்தத் தூரிகைத் தடங்கள் இன்றும் படங்களில் தெரிகின்றன. நமக்குப் போஸ்டர் கலர் போதும். தோசை மாவு பதத்துக்குக் கரைத்து, ஒரு தாளுக்கு ஒரே நிறமாக, தடிமனான வரைதாளில் பூச வேண்டும். தண்ணீர் கூடினால் தாள் சுருளும். காய்ந்தபின் புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்தால் தட்டையாகிவிடும். ஆகவே பூசுவது ஒரு நாள், வெட்டுவது மறுநாள்.

வெட்டும் நாளில் மேசையில் பென்சிலே இருக்கக்கூடாது. கோடு போட்டுவிட்டால் பிள்ளை கோட்டைத்தான் வெட்டும், உருவம் விறைத்துப்போகும். கத்தரிக்கோலைத் திருப்பாமல் தாளைத் திருப்பச் சொல்லுங்கள், வளைவு தானாக வரும். இடக்கைப் பிள்ளைகளுக்கு அதற்கென்றே உள்ள கத்தரிக்கோல் அவசியம். சாதாரணக் கத்தரிக்கோலில் அவர்களுக்குத் தாள் வெட்டுப்படாமல் மடங்கும். பிழை கையுடையது என்று அந்தப் பிள்ளை நினைத்துவிடும். வெட்டியபின் மிஞ்சும் ஓட்டைத்தாளையும் எறியாதீர்கள், அதுவும் ஓர் உருவம்தான்.

இதற்கிடையே 1953இல் மத்தீஸ் தாள் வெட்டிச் செய்த 'நத்தை' என்ற படத்தைக் காட்டலாம், தலைப்பைச் சொல்லாமல். திரையில் அது சின்னதாகத் தெரியும். லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் உள்ள அசல், பக்கத்துக்கு ஏறத்தாழ 2.87 மீட்டர். தரையில் அந்த அளவுக்கு டேப் ஒட்டி, உள்ளே உட்காரச் சொல்லுங்கள். துண்டுகள் சுழன்று போவதை யாராவது கண்டுபிடிக்கும்வரை பெயரைச் சொல்ல அவசரப்படாதீர்கள்.

பசைக்கும் அவசரமில்லை. மத்தீஸ் துண்டுகளைச் சுவரில் குண்டூசியால் குத்தி, மாற்றிக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் மாஸ்கிங் டேப்பைச் சுருட்டிப் பின்னால் ஒட்டிக்கொள்ளட்டும். குறைந்தது மூன்று முறை இடம் மாற்றிய பிறகே பசைக்குச்சியைக் கொடுங்கள். நீர்ப்பசை வேண்டாம், அது வண்ணத்தைக் கரைத்துக் கறையாக்கும்.