வினிகரில் ஊறும் முட்டையும் புகைச் சாசேஜும்

வேகவைத்து உரித்த முட்டைகளையும் புகையூட்டிய சாசேஜ் துண்டுகளையும் ஒரே கண்ணாடிச் சாடியில் இட்டு, மசாலா சேர்த்துக் காய்ச்சிய வினிகரை ஊற்றி, வாரக்கணக்கில் ஊறவிட்டுத் தின்னும் வழக்கம் அமெரிக்காவில், குறிப்பாக நான் வசிக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில், நெடுங்காலமாக இருந்துவருகிறது. மாலை நேரத்தில் புளிப்பும் உப்பும் காரமும் ஒருங்கே தேடும் நாக்குக்கு இவ்வளவு நிறைவு தரும் அசைவத் தின்பண்டம் வேறொன்றை இந்த ஊரில் நான் கண்டதில்லை. கடைகளில் ஆயத்தமாகக் கிடைப்பவை பெரும்பாலும் வெறும் புளிப்பும் சிவப்புச் சாயமுமாக இருப்பதால், வீட்டில் செய்வதையே நான் விரும்புகிறேன். அடுப்பு வேலை சிறிது நேரத்தில் முடிந்துவிடும். மீதியைக் குளிரும் காலமும் பார்த்துக்கொள்ளும்.

இந்தச் சாடிக்குப் பின்னால் ஒன்றுக்கு மேற்பட்ட சமையல் மரபுகள் உள்ளன. 18ஆம் நூற்றாண்டில் லான்காஸ்டர் வட்டாரத்திலும் அதைச் சுற்றியும் குடியேறிய ஜெர்மன் மொழி பேசிய குடும்பங்களின் வழிவந்தோரைப் பென்சில்வேனியா டச்சு மக்கள் என்று அழைக்கிறார்கள். பீட்ரூட் சாற்றையும் வினிகரையும் சர்க்கரையையும் கிராம்பு, பட்டையோடு சேர்த்து, அதில் முட்டையை ஊறவைக்கும் முறை அவர்களுடையது. வெட்டிப் பார்த்தால் வெளியே ஆழ்ந்த ஊதா, நடுவே மஞ்சள், இரண்டுக்கும் இடையில் வெளிறிய இளஞ்சிவப்பு என்று அந்த முட்டை மிக அழகாக இருக்கும். இதே மாநிலத்தின் வடகிழக்கில், நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்ய 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த போலந்து, ஸ்லோவாக்கியத் தொழிலாளர்கள் பூண்டு மணக்கும் கில்பாசா என்ற புகைச் சாசேஜை இங்கே வேரூன்றச் செய்தார்கள். அக்காலத்து மதுக்கூடங்களில் ஒரு பானம் வாங்கினால் உணவு இலவசம் என்ற ஏற்பாடு நாடெங்கும் பரவியிருந்தது. உப்பான உணவு தாகத்தைக் கூட்டும் என்பதைக் கடைக்காரர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். ஊறிய முட்டைச் சாடி மதுக்கூட மேசையில் நிலையான இடம் பிடித்ததில் வியப்பில்லை. இங்கிலாந்தில் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கும் கடைகளில் மால்ட் வினிகரில் ஊறிய முட்டை இன்றும் கிடைக்கிறது. பெர்லின் நகரத்து மதுக்கடைகளிலோ ஓட்டை லேசாக நொறுக்கிய முட்டைகளை உப்புநீரில் ஊறவைத்துப் பரிமாறினார்கள்.

செய்முறைக்கு முன்னால் ஒரு செய்தியை வலியுறுத்த விரும்புகிறேன். நம் வீடுகளில் ஊறுகாய் என்றாலே அது அலமாரியில் இருக்கும் பொருள். மாங்காயையோ எலுமிச்சையையோ உப்பிட்டு, வெயிலில் காயவைத்து, எண்ணெய் மிதக்க ஜாடியில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது என்பது தலைமுறைகளாக நம் கையில் படிந்த அறிவு. அந்த அறிவை முட்டைக்கும் சாசேஜுக்கும் அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. மாங்காயும் எலுமிச்சையும் இயல்பிலேயே புளிப்பானவை. முட்டையில் புளிப்பு என்பதே இல்லை. அதன் உள்ளே செல்ல வேண்டிய அமிலம் முழுவதும் வெளியிலிருந்து, வெள்ளைக்கருவின் அடர்த்தியான சுவரைக் கடந்து, மெதுவாகத்தான் போய்ச் சேர வேண்டும். மஞ்சள்கரு கடைசியில்தான் புளிக்கும். அதுவரை அதைக் காப்பது குளிர் ஒன்றே. ஆகையால் இந்தச் சாடியின் இடம் முதல் நாளிலிருந்து கடைசி முட்டை வரை குளிர்சாதனப் பெட்டிதான்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் 1997இல் இல்லினாய் மாநிலத்தில் நடந்த ஒரு நிகழ்வு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள் 2000ஆம் ஆண்டில் அதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. 68 வயதான ஒருவர் வேகவைத்த முட்டைகளைப் பல்குச்சியால் குத்தித் துளையிட்டு, வினிகர், பீட்ரூட், காரமான மிளகாய் ஆகியவற்றோடு சாடியில் போட்டு, அறை வெப்பத்திலேயே வைத்திருந்தார். சாடியின்மேல் அவ்வப்போது வெயிலும் பட்டது. ஒரு வாரம் கழித்து அவற்றை உண்ட அவருக்குக் காட்சி இரட்டையாகத் தெரிந்தது, பேச்சு குழறியது, பிறகு மூச்சுவிடச் செயற்கைச் சுவாசக் கருவி தேவைப்பட்டது. அது பொட்டுலிசம் என்னும் நச்சு நோய். கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிரி, காற்றுப் புகாத, புளிப்புக் குறைந்த இடத்தில் வளர்ந்து உருவாக்கும் நஞ்சே அதற்குக் காரணம். சாடியிலிருந்த திரவம் போதிய அளவு புளிப்பாகவே இருந்தது என்பதுதான் அந்த அறிக்கையில் நாம் கவனிக்க வேண்டியது. நஞ்சு மஞ்சள்கருவில் இருந்தது. அங்கே அதன் அளவு திரவத்தில் இருந்ததைப் போல ஆயிரம் மடங்கு. புளிப்பை அளக்கும் பி.எச். எண் (அது குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 4.6க்குக் கீழே இறங்கினால் அந்த நுண்ணுயிரி வளராது; ஆனால் இயல்பான மஞ்சள்கருவின் பி.எச். 6.8 அளவில் இருக்கிறது. பல்குச்சி போட்ட துளை, வினிகரை உள்ளே அனுப்பும் முன்பே நுண்ணுயிரியின் வித்துகளை உள்ளே கொண்டு சேர்த்திருக்கக் கூடும். சாதாரணக் கொதிநீரின் வெப்பம் அந்த வித்துகளை அழிக்கப் போதாது.

ஆகவே, விரைவில் ஊறட்டும் என்று முட்டையைக் குத்துவதோ கீறுவதோ வேண்டாம். உரிக்கும்போது பிளந்த முட்டை இருந்தால் அதை அன்றே உண்டுவிடலாம், சாடிக்குள் போடலாகாது. சாடியை மூடியோடு கொதிநீரில் வைத்துக் காற்றுப் புகாமல் அடைத்தால் அலமாரியில் வைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இயங்கும் வீட்டு உணவுப் பதப்படுத்தலுக்கான தேசிய மையம், முட்டை ஊறுகாயை அவ்வாறு அடைத்து வைப்பதற்குச் சோதித்து உறுதிசெய்த வீட்டு முறை எதுவும் இல்லை என்று தெளிவாகச் சொல்கிறது. அந்த மையத்தின் வழிகாட்டல்களையே நான் பின்பற்றுகிறேன்.

சாசேஜுக்கும் இந்த நஞ்சுக்கும் உள்ள தொடர்பு முட்டையைவிடப் பழையது. ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் மருத்துவராகவும் கவிஞராகவும் விளங்கிய யுஸ்டினுஸ் கெர்னர், புகையூட்டிய சாசேஜ் உண்டு நோயுற்றவர்களின் விவரங்களைத் திரட்டி 1820இல் வெளியிட்டார். நுண்ணுயிரிகளைப் பற்றி உலகம் அறியாத காலத்தில், காற்று இல்லாத இடத்தில்தான் இந்த நஞ்சு உருவாகிறது என்றும், போதிய உப்பிட்டால் அது தடைபடும் என்றும் அவர் உய்த்துணர்ந்தது எனக்குப் பெருவியப்பைத் தருகிறது. இன்று கடைகளில் கிடைக்கும் பதப்படுத்திய சாசேஜில் சேர்க்கப்படும் நைட்ரைட் உப்பு இந்த நுண்ணுயிரியைத் தடுக்கவே முதன்மையாகப் பயன்படுகிறது. இளஞ்சிவப்பு நிறம் அதன் கூடுதல் விளைவு. அதனால் இந்தச் சாடிக்கு முழுமையாக வெந்து, புகையூட்டி, பதப்படுத்தப்பட்ட சாசேஜை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். பச்சை இறைச்சியை அடைத்து விற்கும் சாசேஜ் இதற்கு உதவாது.

இனி அளவுகளுக்கு வருகிறேன். ஏறத்தாழ 2 லிட்டர் கொள்ளும் கண்ணாடிச் சாடிக்கு 12 முட்டைகளும் 450 கிராம் கில்பாசாவும் சரியாக இருக்கும். வினிகர் 750 மில்லிலிட்டர், தண்ணீர் 250 மில்லிலிட்டர், கல்லுப்பு ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி. மசாலாவாகக் கடுகு, தனியா, மிளகு ஆகியவற்றில் ஒவ்வொன்றும் இரண்டு தேக்கரண்டி, பிரிஞ்சி இலை இரண்டு, கிராம்பு நான்கு, காய்ந்த மிளகாய் ஐந்தாறு. இவற்றோடு ஒரு பெரிய வெங்காயத்தை வளையங்களாக நறுக்கியும், ஆறு பல் பூண்டை உரித்தும் வைத்துக்கொள்ளலாம். சாசேஜிலிருந்தும் உப்பு இறங்கும் என்பதால் இதற்கு மேல் உப்பிட வேண்டியதில்லை. பொடித்த மசாலா திரவத்தைக் கலக்கி விடுவதால் எல்லாவற்றையும் முழுதாகவே போடுகிறேன்.

வினிகரின் அமில அளவு 5 சதவீதமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் விற்கும் வெள்ளை வினிகர் பெரும்பாலும் அந்த அளவில்தான் வருகிறது. இந்தியாவில் 4 சதவீத வினிகர் பரவலாக விற்கப்படுகிறது, சட்டப்படி 3.75 சதவீதம் இருந்தாலே போதும். சென்னையிலோ மதுரையிலோ செய்பவர்கள் சீசாவில் அச்சிட்டிருப்பதைப் படித்து 5 சதவீத வினிகரைத் தேடி வாங்க வேண்டும். அது கிடைக்காத இடத்தில் இந்தப் பண்டத்தைச் செய்யாமல் விடுவதே நல்லது.

முட்டையைப் பொறுத்தவரை, அன்று இட்ட முட்டையைவிட ஒரு வாரம், பத்து நாள் குளிரில் இருந்த முட்டையே சிறந்தது. புதிய முட்டையின் வெள்ளைக்கருவில் கரியமில வாயு கரைந்திருக்கும்; அது ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளியேற வெளியேற வெள்ளைக்கருவின் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) கூடி, உள்சவ்வோடு ஒட்டும் குணம் குறைகிறது. கொதிக்கும் நீரில் முட்டைகளை மெதுவாக இறக்கி, 12 நிமிடம் மிதமாகக் கொதிக்கவிட்டு, உடனே பனிக்கட்டி நீரில் போட வேண்டும். அதற்கு மேல் வேகவிட்டால் மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சை வளையம் தோன்றும். மஞ்சள்கருவின் இரும்பும் வெள்ளைக்கருவின் கந்தகமும் சேர்வதால் வரும் அந்த நிறம் தீங்கற்றதே என்றாலும், அந்த முட்டையில் கந்தக வாடை தூக்கலாக இருக்கும். வினிகர் அதை மறைப்பதில்லை. குளிர்ந்தபின் முழு ஓட்டையும் நொறுக்கி, நீருக்குள் வைத்து உரித்தால் வழவழப்பாக வரும்.

கில்பாசாவை இரண்டு விரற்கடை அளவுத் துண்டுகளாக வெட்டி, தனிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடித்துவிட வேண்டும். இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கொழுப்பில் ஒரு பகுதி இதில் கரைந்து போய்விடுகிறது. இல்லாவிட்டால் குளிரில் அது வெண்மெழுகாக உறைந்து சாடியின் மேலே படர்ந்து நிற்கும். கண்ணுக்கு மட்டுமன்றி வாய்க்கும் அது இனிமையாக இராது. அதிகக் கொழுப்பில்லாத வான்கோழிக் கில்பாசா இந்த வகையில் வசதியானது. சுவையில் பன்றி இறைச்சிக் கில்பாசாவே மேல் என்பது என் கருத்து.

சாடியைச் சோப்பு நீரில் கழுவிக் கொதிநீரில் பத்து நிமிடம் வைத்து எடுத்தபின், முட்டை, சாசேஜ், வெங்காயம், பூண்டு என்று மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். வினிகர், தண்ணீர், உப்பு, சர்க்கரை, மசாலா அனைத்தையும் எஃகுப் பாத்திரத்தில் கொதிக்கவைத்து, ஐந்து நிமிடம் சிறுதீயில் விட்டு இறக்கலாம். வெறும் அலுமினியப் பாத்திரம் அமிலத்தோடு வினைபுரியும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் வெள்ளைக்கரு மேலும் இறுகும் என்பதால், கொதி அடங்கிச் சூடாக இருக்கும் நிலையில் ஊற்றுகிறேன். எல்லாமே திரவத்துக்குள் மூழ்கியிருக்க வேண்டும். உலோக மூடியை வினிகர் அரிக்கும். பிளாஸ்டிக் மூடி நல்லது. சூடு தணிந்தவுடன் காலம் தாழ்த்தாமல் சாடியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். பெட்டியின் வெப்பம் 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. இரண்டொரு நாளில் பூண்டு நீலமாகவோ பச்சையாகவோ மாறினால் அஞ்ச வேண்டாம். பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அமிலத்தில் அவ்வாறு நிறம் மாறுவதுண்டு.

சாசேஜும் வெங்காயமும் ஐந்தாறு நாளிலேயே தின்னும் பக்குவத்துக்கு வந்துவிடும். முட்டைக்குப் பொறுமை வேண்டும். சிறிய முட்டைக்கு ஒன்று முதல் இரண்டு வாரம், நடுத்தர, பெரிய முட்டைக்கு இரண்டு முதல் நான்கு வாரம் என்று அந்தத் தேசிய மையம் கூறுகிறது. என் நாக்குக்குப் பெரிய முட்டை மூன்றாம் வாரத்தில்தான் நன்றாக இருக்கிறது. அப்போது வெள்ளைக்கரு கடிப்பதற்கு உறுதியாகவும், மஞ்சள்கரு மாவுத்தன்மை குறைந்து சற்றே குழைந்தும் இருக்கும். கிராம்பின் மணம் உள்வரை இறங்கியிருக்கும். பீட்ரூட் சேர்ப்பவர்கள் நிறம் எங்கே எட்டியிருக்கிறது என்பதை வைத்து ஊறலைக் கணிக்கிறார்கள். சுவைக்கு அது ஏற்ற அடையாளம், பாதுகாப்புக்கு அதை நம்பக் கூடாது. முட்டைகளை மூன்று நான்கு மாதங்களுக்குள் முடித்துவிட வேண்டும் என்கிறது அந்த மையம். சாசேஜ் இருக்கும் சாடியை நான் ஒரு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை, ஏனெனில் அதன்பின் சாசேஜின் புகைமணம் மங்கி, சதை தளர்ந்துவிடுகிறது.

பரிமாறும்போது பெர்லின்காரர்களின் முறையைப் பரிந்துரைக்கிறேன். முட்டையை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, மஞ்சள்கருவை உடையாமல் எடுத்து, அந்தக் குழியில் ஒரு சொட்டு எண்ணெய், சிறிது கடுகு விழுது, மிளகுத்தூள் வைத்து, மஞ்சள்கருவைக் கவிழ்த்து மூடி, ஒரே வாயாக உண்பார்கள். அவர்கள் சில சொட்டு வினிகரும் விடுவதுண்டு. நம் முட்டைக்கு அது வேண்டியதில்லை. சாசேஜுக்கு உப்புப் பிஸ்கட்டும் ஊறிய வெங்காய வளையமும் போதும். விருந்தினர் வந்தால் தேவையான அளவை மட்டும் சுத்தமான கரண்டியால் தட்டில் எடுத்து வைத்துவிட்டுச் சாடியை மீண்டும் குளிரில் வைத்துவிட வேண்டும்; தட்டில் இருப்பது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கலாகாது. சாசேஜ் முதலில் தீர்ந்து, மணமுள்ள திரவம் நிறைய மிஞ்சும்போது, புதிதாக நான்கு முட்டைகளை அவித்து அதிலேயே போடலாமே என்று தோன்றும். அதைச் செய்ய வேண்டாம். முட்டையிலிருந்தும் இறைச்சியிலிருந்தும் இறங்கிய நீர் அந்த வினிகரை ஏற்கெனவே நீர்த்துப்போகச் செய்திருக்கும். அடுத்த சாடிக்குப் புதிய வினிகரையே காய்ச்ச வேண்டும்.