பேர் அப்புறம் வரும்

"அண்ணா, கையெழுத்து போடலாமா?" என்று கேட்டான். "போடுடா, பேர் அப்புறம் வரும்" என்றேன். ஒரு நிமிடம்கூட ஆகாத போன் பேச்சு. மூன்று வருடமாகியும் அந்த ஒரு நிமிடம் என்னை விடவில்லை.

இரண்டு வருடமாக என் ரெக்கார்டிங் அறையில் ராப் பாடிவந்த பையன் அவன். பகல் முழுக்கச் சாப்பாடு டெலிவரி. இரவு பதினொன்றுக்கு மேல் சாலிகிராமம் வருவான். ஹெல்மெட்டைக் கழற்றாமல் வரிகளை வாய்க்குள் உருட்டிக்கொண்டே மாடியேறுவான். யூடியூபில் இலவசம் என்று கிடக்கிற பீட்டுகளுக்குத்தான், அதாவது குரல் இல்லாத பின்னணி இசைக்குத்தான், முதலில் எழுதினான். அதை வைத்துக் காசு பார்க்க முடியாது, பீட் போட்டவனிடம் தனியாக உரிமம் வாங்க வேண்டும் என்று சொல்லி, நானே புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். நான்கு பாட்டு முடித்தோம். நான்காவதில் ஒரு எட்டு வரி. காசிமேட்டில் மீன் விற்கும் அவன் அம்மா, அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவர்களிடம் சொல்லும் பதிலில் போய் அது முடியும். அந்த இடம் வந்தால் நானே மிக்ஸை நிறுத்திவிட்டு இன்னொரு முறை கேட்பேன்.

அந்த எட்டு வரியைத்தான் ஒரு படத்துக்குக் கேட்டார்கள். 25,000 ரூபாய். ஆங்கிலத்தில் இரண்டு பக்க ஒப்பந்தம். எல்லா உரிமையும், என்றென்றைக்கும், பிரபஞ்சம் முழுவதற்கும் என்று இருந்தது. போட்டோ எடுத்து அனுப்பினான், நான் பெரிதாக்கிப் படித்தேன். "எம் பேர் போடுவாங்கன்னு எங்கயும் இல்லையேண்ணா" என்றான். அதற்குத்தான் அப்படிச் சொன்னேன்.

வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்றுதான் முதலில் தோன்றும். அவனுக்கு வண்டித் தவணை இரண்டு மாதம் பாக்கி. பாட்டிலிருந்து வந்த வருமானம் டீச்செலவுக்குக் காணாது. இன்று நிலைமை இன்னும் மோசம். 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை பணம் கணக்கிடுவதே இல்லை, 2024-லிருந்து அதுதான் விதி. அவன் பாட்டு இரண்டு அந்தக் கோட்டைத் தொட்டதேயில்லை. சினிமாவுக்குள் ஒரு காலை வைத்தால் போதும், மற்றது தானாக நடக்கும் என்று நான் நம்பினேன். அப்படி நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பேர் அவனுக்கு என்ன என்று எனக்குத் தெரியாதா? 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதல் மேடை ஏறியபோது கூட்டத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையன் அவன். கானா, பறை, ராப் எல்லாம் ஒன்றாக வந்த அந்த மேடையில் ராப் பாடகர் அறிவைப் பார்த்துத்தான் நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தான். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இசைப் பத்திரிகையின் அட்டையில், அறிவு எழுதிய பாட்டுகளைப் பாடியவர்கள் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். அந்த வாரம் என் அறையில் இவன் ஒரு வரிகூட ரெக்கார்ட் செய்யவில்லை, அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். நானும் கூடச் சேர்ந்து கோபப்பட்டேன். அடுத்த வருடம் அவனிடமே "பேர் அப்புறம் வரும்" என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பட அலுவலகத்துக்கு அவன் பாட்டைப் போட்டுக் காட்டியதே நான்தான். அங்கிருந்து எனக்கு அவ்வப்போது மிக்ஸ் வேலை வரும். அவன் எனக்கு 6,000 ரூபாய் பாக்கி வைத்திருந்தான், அந்த 25,000 வந்த அன்றே கொண்டுவந்து மேசையில் வைத்தான். போனில் பேசும்போது இதெல்லாம் என் மனதில் இருந்ததா? இல்லை என்றுதான் சத்தியமாக நினைக்கிறேன். ஆனால் அவன் போன் செய்தபோது மணி பதினொன்றரை. காலைவரை யோசிக்கலாம் என்று சொல்ல எனக்கு ஏன் தோன்றவில்லை?

படம் வந்தது. வேறொரு குரல். பாடல் வரிகள் என்ற இடத்தில் ஒரே பேர், அது அவன் பேர் இல்லை. வெளியாவதற்கு இரண்டு வாரம் முன்பு, பழைய வீடியோவை எடுத்துவிடச் சொல்லி அந்த அலுவலகத்திலிருந்து போன் வந்திருக்கிறது. என்னிடம் கேட்காமலே எடுத்துவிட்டான். இந்த முறை என்னைக் கேட்கவில்லையே என்பது எனக்கு வலித்தது, அப்படி வலிக்க எனக்கு என்ன தகுதி என்றும் தெரியவில்லை.

அப்புறம்தான் பதிப்புரிமைச் சட்டத்தைப் படித்தேன். பதிப்புரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும், இதை எழுதியவன் நான் என்று சொல்லும் உரிமை எழுதியவனிடமே இருக்கும் என்கிறது 57-வது பிரிவு. 2012 திருத்தத்தின்படி, படத்தோடு தியேட்டரில் ஓடுவது தவிர மற்ற பயன்பாட்டுக்கு வரும் ராயல்டியில் பாட்டு எழுதியவருக்குள்ள சமபங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. எழுதி வாங்கினாலும் செல்லாது. படித்ததும் ஒரு நிம்மதி வந்தது. அப்படியானால் நான் சொன்னதால் எதுவும் போய்விடவில்லையே. ஆனால் கேட்டு வாங்குவதென்றால் வக்கீல் வேண்டும், வழக்கு வேண்டும், டெலிவரிக்குப் போகாத நாட்கள் வேண்டும். அதையும் அவனிடம் விளக்கினேன். "அன்னிக்கே தெரிஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும்ல்ல" என்றான். குற்றமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் குடை கொண்டுவந்திருக்கலாம் என்போமே, அந்த மாதிரி.

இப்போதும் வருகிறான், பாடுகிறான். முன்பெல்லாம் டேக் முடிந்ததும் "எப்டிண்ணா?" என்பான். இப்போது ஹெட்போனைக் கழற்றி மாட்டிவிட்டு அவனே கேட்டு அவனே முடிவு செய்கிறான். வளர்ந்துவிட்டான் என்று சில நாள் நினைக்கிறேன். சில நாள் அப்படி நினைக்க முடிவதில்லை.

போன மாதம் கேட்டான்: "அந்த நாலாவது பாட்டோட டேக் இருக்காண்ணா? தேதியோட?" இருந்தது. 2021 நவம்பர் செஷன், ஹார்ட் டிஸ்கில் அப்படியே. ஒரு வக்கீல் அக்கா கேட்டாராம். அனுப்பினால் அது எங்கிருந்து போனது என்று அந்த அலுவலகத்துக்குத் தெரியும்.

நான்கு நாள் கழித்து அனுப்பினேன். ஏன் நான்கு நாள் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால், மிக்ஸ் வேலை இருந்தது என்று சொல்லியிருப்பேன். அது பொய்யில்லை. அந்த அலுவலகத்து வேலைதான்.