காதலர்களைச் சாகவிடாத நாவல்

நான் எழுதிய இளையோர் நாவல் ஒருவழியாக அச்சாகிக் கைக்கு வந்துவிட்டது. மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் வந்து பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பெண், மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மூட்டை இறக்கும் பையன், நடுவில் சாதி. பெண்ணின் அக்கா இதே காரணத்துக்காக வீட்டுக்குள்ளேயே கொல்லப்பட்டவள். ஊருக்குச் சொன்ன காரணம் ‘தீராத வயிற்றுவலி’. செய்தித்தாள் படித்துப் பழகிய நமக்கு அந்த வயிற்றுவலி என்னவென்று தெரியும்.

பதினாறு வயதுப் பிள்ளையிடம் இதைக் கொடுக்கலாமா என்று கேட்டவர்கள்தான் அதிகம். கொடுக்கத்தான் வேண்டும். அக்காவைப் பறிகொடுத்த வீட்டில் அந்த வயதுத் தங்கையும் தம்பியும்தானே வாயை மூடிக்கொண்டு வளர்கிறார்கள்? அவர்கள் காயத்தை மறைக்காமலும் மறுபடி கீறாமலும் எழுதுவதற்குத்தான் நான் பாடுபட்டேன். இதுபோன்ற கதையைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு என் அனுபவம் உதவலாம்.

முதலில் மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்த்தேன். பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு நினைவு எப்போதும் வரிசையாக வருவதில்லை. ஒரு சத்தமோ வாசனையோ கிளப்பிவிட்டால் உடம்பு அந்த இரவுக்கே போய்விடும் என்று விளக்கினார். அதை வைத்துத்தான் தாழ்ப்பாள் அத்தியாயம் பிறந்தது. அக்கா இறந்த இரவில் தங்கை கேட்டது, வெளியிலிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம் மட்டும். அதன்பின் அவளால் எந்தக் கதவையும் சாத்த முடியாது. குளிக்கும்போதும் கதவு ஒரு சாண் திறந்திருக்கும். ஏன் என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. கதவுக்கு முதுகைக் காட்டி வாசலை மறைத்தபடி வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்பதை அதற்குமேல் நான் எங்கும் சொல்லவில்லை. கொலை எப்படி நடந்தது என்பதும் நாவலில் கிடையாது. தற்கொலை பற்றி எழுதும்போது முறையை விவரிக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குச் சொல்கிறது; தற்கொலையென்று மூடிய கொலைக்கும் அதே கட்டுப்பாட்டை நானாக வைத்துக்கொண்டேன். ஆலோசகர் இன்னொன்றும் அழுத்திச் சொன்னார்: பையனின் காதல் அவளைக் குணப்படுத்திவிட்டதாக முடிக்காதீர்கள். அப்படி முடித்தால், காயப்பட்ட பிள்ளைகள் துணைக்கு ஆள் கிடைக்கும்வரை காத்துக் கிடப்பார்கள்.

அடுத்தது சட்டம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்காடும் தோழி வரிக்கு வரி படித்தார். பெண்ணுக்கு 17, பையனுக்கு 19. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 நிறையாதவர் குழந்தை. அவருடைய சம்மதம் கணக்கில் வராது. இருவரும் பஸ் ஏறினால் பையன்மீது கடத்தல் வழக்கு வரலாம். நெருங்கியிருந்தால் போக்சோவும் சேரும். திருமணத்துக்குப் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆகியிருக்க வேண்டும். வயது வந்தபிறகு, 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதியலாம் என்றால், 30 நாள் அறிவிப்பு அலுவலகத்தில் எல்லாரும் பார்க்கும்படி தொங்கும். உறவுக்காரர்கள் தேடிவர அவ்வளவு நாள் தேவையே இல்லை. சாதி மறுத்து மணப்பவர்களைக் காக்க மாவட்டந்தோறும் தனிப் பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டுமென்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. இது அந்தப் பெண்ணுக்குத் தெரியவேண்டும் என்று நினைத்தேன். ஓடிப்போகும் அத்தியாயத்துக்குப் பதிலாக, பள்ளி நூலகத்தில் பழைய செய்தித்தாள் கட்டைப் பிரித்து அவள் இதைத் தேடிப் படிக்கும் அத்தியாயம் வந்தது. நாவலில் எனக்குப் பிடித்த இடம் அது.

பிறகு, பெற்றோர் அனுமதியோடு பிள்ளைகள் சிலரிடம் தட்டச்சுப் படியைக் கொடுத்தேன். ஆலோசகர் உடனிருந்தார். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தார். பாலியல் குற்றம் ஏதாவது தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்பது போக்சோ விதி. திரும்பி வந்த படி ஒன்றின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: ‘எங்கள் வீட்டிலும் ஒரு பெயரைச் சொல்லக் கூடாது.’ கீழே வேறெதுவும் இல்லை. அந்தப் பிள்ளையோடு ஆலோசகர்தான் தொடர்ந்து பேசினார், நான் ஒதுங்கிக்கொண்டேன். இந்த ஏற்பாடில்லாமல் இப்படிப்பட்ட கதையைப் பிள்ளைகளிடம் நீட்டவே கூடாது.

பதிப்பகங்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறார் நூல் என்றால் இருட்டு அதிகம் என்றார்கள். பெரியவர்களுக்கான நாவல் என்றால் நாயகிக்கு வயது போதாது என்றார்கள். ஒரு பதிப்பாளர் கடைசியில் காதலர்கள் இறந்தால் மனதில் நிற்கும் என்றார். மனதில் நிற்க இன்னும் எத்தனை பேர் சாகவேண்டும்? மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்தருகே நின்று கும்பிடுகிறோமே, அந்த மதுரைவீரனும் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன்தான். வெட்டிவிட்டுச் சாமியாக்குவது நமக்குப் பழகிப்போய்விட்டது. என் பெண்ணும் பையனும் உயிரோடு இருக்கிறார்கள். அவள் கல்லூரி விடுதிக்குப் போகிறாள். அவன் சந்தையிலேயே இருக்கிறான். அவர்கள் சேர்வார்களா என்பதை நான் எழுதவில்லை. இதை அப்படியே ஏற்ற சிறு பதிப்பகம் ஒன்று கிடைத்தது.

அதன்பின் வேலை எளிது. புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றித் தருகிறது. எழுத்தாளரே நேரடியாகவும் விண்ணப்பிக்கலாம். மெய்ப்புத் திருத்தியதெல்லாம் நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில்தான். புத்தகம் வந்ததும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் படி அனுப்புவது பதிப்பாளரின் சட்டக் கடமை. அதையும் விடாமல் கேட்டுச் செய்யவைத்தேன்.

கடைசிப் பக்கத்தில் குழந்தைகளுக்கான 1098, மனநல உதவிக்கான 14416 இரண்டையும் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம். இப்போது ஆலோசகரும் தோழியும் நானும் பள்ளி ஆசிரியர்களுக்கென்று ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்த நாவலைப் படித்துவிட்டு ஒரு பிள்ளை வந்து பேசினால், அன்றைக்கே யாரை அழைப்பது, எதைக் கேட்கக் கூடாது என்பது அதன் முதல் பக்கத்தில் வருகிறது.